செருப்புக் காவல்

தைப்பூசத்தன்று காலையில் பத்துமலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தலின் ஓரமாக, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வலது முழங்காலில் கறுப்புப் பட்டை. பக்கத்தில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஓர் ஆணின் செருப்பு.

அது நான்தான்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைப் படிக்கும் இரண்டு வாசகிகள் அடையாளம் கண்டு வந்து பேசவும் செய்தார்கள். “என்ன ஆன்டி, இந்த வருஷம் பால்குடம் எடுக்கலையா?” என்று கேட்டார் ஒருவர். “நுவாங் மலை ஏறப் போறேன்னு எழுதியிருந்தீங்களே, ஏறிட்டீங்களா?” என்று கேட்டார் மற்றவர். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில், உறுமிச் சத்தத்துக்கு நடுவில், அதை எப்படிச் சொல்வது? ஏதோ சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன்.

இங்கே சொல்லிவிடுகிறேன். என்னவோ, உங்களிடம் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் மணியம் உங்களுக்குப் பழக்கமானவர்தான். கிள்ளான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கோயிலுக்கு வருவார், வெளியே நிற்பார். “சாமி கும்பிடலையா?” என்று கேட்டால், “அதான் நீ கும்பிடுறியே” என்பார். வீட்டில் ஒருவர் கும்பிட்டால் இருவருக்கும் சேர்த்து வரவு வைத்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கணக்கு.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன். தொடர்ந்து மூன்று தைப்பூசம் பால்குடம் எடுக்கிறேன், இவரைத் திருப்பிக் கொடு முருகா என்று. ‘தொடர்ந்து’ என்ற வார்த்தையை நானாகத்தான் சேர்த்தேன். பயத்தில் இருக்கும்போது பேரம் பேசத் தோன்றுமா? கேட்டால் இன்னும் கூடக் கொடுக்கத்தான் தோன்றும்.

முருகன் திருப்பிக் கொடுத்தார். நானும் இரண்டு வருஷம் எடுத்தேன். அந்த இரண்டு வருஷமும் மணியம் அடிவாரத்தில் என் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படியேறி மேலே குகைக் கோயிலுக்குப் போய், அபிஷேகம் பார்த்து, நெருக்கடியில் நசுங்கி இறங்கி வரும்வரை அதே இடத்தில் இருப்பார். “ஏங்க, போரடிக்கலையா?” என்று கேட்டேன் ஒருமுறை. “செருப்பைப் பார்த்துக்கணும்ல” என்றார்.

சரி, இதில் மலையேற்றம் எங்கிருந்து வந்தது?

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அவரை. நடந்தது நான்! துணைக்கு என்று ஆரம்பித்தேன். அவர் தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடைவரை வருவார், பால் இல்லாத தே ஓ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் எங்கள் தாமான் குடியிருப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். ஒரு சுற்று இரண்டானது. பிறகு சின்னக் குன்றுகள். பிறகு செமினி பக்கம் புரோகா குன்று. ஐம்பத்தெட்டு வயதில், புல் நடுவே விடியலைப் பார்த்தபடி நின்றபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை வருஷம் சமையல்கட்டிலும் கணினி முன்னாலும் கழித்த காலா இது என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அங்கேதான் கவிதா பழக்கமானாள். பூச்சோங்கில் ஒரு பல் கிளினிக்கில் நர்ஸ். என் மகளாக இருக்கக்கூடிய வயது. வாரக் கடைசியில் பெண்களை மலைக்கு அழைத்துப் போகும் ஒரு குழுவின் தலைவி. மெதுவான குரல், ஆனால் எல்லாம் ஒழுங்கு. யார் பையில் எவ்வளவு தண்ணீர், யாருடைய சப்பாத்து தேய்ந்திருக்கிறது... ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. குழுவில் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். அவளும் அக்கா என்பாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழு ஆங்கில வருஷப் பிறப்பை ஒட்டி நுவாங் மலைக்குப் போவதாக முடிவு செய்தது. உலு லங்காட்டில் இருக்கிறது. சிலாங்கூரில் அதைவிட உயரம் இல்லை. விடியுமுன் ஏற ஆரம்பித்தால் பொழுது சாய இறங்கலாம், அதுவும் கால் நன்றாக இருந்தால்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இந்தப் பத்தியில் எழுதினேன். ‘நுவாங் உச்சியிலிருந்து உங்களுக்கு ஒரு படம்’ என்று வாக்கும் கொடுத்தேன். நீங்களும் லேசுப்பட்டவர்களா... ‘முடியும் ஆன்டி’, ‘எல்லையைத் தாண்டுங்கள்’, ‘நீங்கள்தான் எங்கள் இன்ஸ்பிரேஷன்’ என்று எழுதிக் குவித்துவிட்டீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. புகழ்ச்சியைச் சாப்பாடு என்று நினைத்தது நான்தான்.

அப்போது தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நான் விரதத்தில் இருந்தேன். மாலையில் விளக்கேற்றியபின் ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். காலையில் பால், வாழைப்பழம். இதை நான் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கவிதா வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதோடு, மனதுக்குள் ஒரு கள்ள எண்ணமும் இருந்தது. விரதத்தில் இருக்கிறவளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? முருகன் பார்த்துக்கொள்ளமாட்டாரா? பால்குடத்துக்காக எடுத்த விரதத்தைப் படம் எடுப்பதற்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மணியம்தான் காடியை ஓட்டினார். கிள்ளானிலிருந்து நுவாங் ஏறத் தொடங்கும் பங்சுன் அடிவாரத்துக்குத் தூரம் அதிகம், போய்விட்டுத் திரும்பி வருவது வீண் என்று அங்கேயே இருப்பதாகச் சொன்னார். மடக்கு நாற்காலி, பேப்பர், மாத்திரை டப்பா, ஒரு ஃபிளாஸ்க். அடிவாரக் கடையில் எல்லாரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்து உட்கார்ந்தார்கள். “அக்கா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டாள் கவிதா.

“ஆச்சு லா” என்றேன்.

மணியம் என்னை ஒருமுறை பார்த்தார்.

கிளம்பும் முன் கவிதா ஒரே ஒரு விதிதான் சொன்னாள். மதியம் ஒரு மணிக்கு யார் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, கையை நீட்டினால் தொடலாம் என்றாலும் சரி. மலையில் இருட்டு சீக்கிரம் வரும், மதியத்துக்கு மேல் மழையும் வரும் என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். என் தலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது.

நுவாங்கின் முதல் பாதி ஒரு செம்மண் சாலை. அந்தக் காலத்தில் மரம் ஏற்றிய லோரிகள் போன பாதை. மலை மாதிரியே இருக்காது. வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போகும், முடியவே முடியாது. ஆற்றைக் கடந்தபின் வேர்கள் ஆரம்பிக்கும். அதற்கு மேல் கையையும் காலாக்கிக்கொள்ள வேண்டியதுதான். அட்டை வேறு. ஓர் இடத்துக்கே அட்டை முகாம் என்றுதான் பெயர்.

அந்த இடத்துக்கு வந்தபோதே என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். தலைவி கடைசி ஆளோடுதான் நடக்க வேண்டும், எனவே கவிதா என்னோடு வந்தாள். இறங்கி வந்த மலாய்க்காரப் பையன்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிகிட் லாகி, ஆன்டி” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். இன்னும் கொஞ்சம்தானாம். நம் ஊர் மலைகளில் இது ஒரு மரபு. மேலே இன்னும் எவ்வளவு இருந்தாலும், இறங்குகிறவர் ஏறுகிறவருக்குச் சொல்லும் பதில் இது ஒன்றுதான். அன்பினால் சொல்லும் பொய். நானே புரோகாவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

ஒரு வழியாக ஒரு சிகரம் வந்தது. பலகையைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டேன். அருகில் போய்ப் படித்தால் வேறு பெயர். நுவாங் அதற்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. இதிலிருந்து கீழே இறங்கி, மறுபடி செங்குத்தாக ஏற வேண்டும். எதிரே மேகம். எங்கள் குழுவினர் உச்சியைத் தொட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

கவிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு மணி ஆச்சு. நாமளும் இறங்கிடலாம்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படிமா? எதிர்லதானே இருக்கு.”

“போய்ட்டு வரதுக்குள்ள லேட்டாயிரும் அக்கா. வானத்தைப் பாருங்க.”

நான் வானத்தைப் பார்க்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கைப் பார்த்தேன். பத்தியின் தலைப்பைக்கூட அப்போதே யோசித்து வைத்திருந்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. அவளிடம் சொன்னேன்: “கவிதா, நான் உங்க அம்மா வயசு. என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் வாய் அடைத்துப்போனது.

நம்மவர்களிடம் இது ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வயதுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை, வயதானவர்கள் லைசென்ஸ் மாதிரி எடுத்து நீட்டுகிறோம். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்த, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க, டாக்டர் சொன்ன மருந்தை மாற்றிச் சொல்ல... எல்லாவற்றுக்கும் அதே லைசென்ஸ். வேறு ஒருவர் அப்படி முரண்டு பிடித்திருந்தால் கவிதா பையைப் பிடித்து இழுத்துத் திருப்பியிருப்பாள். அதற்கு முந்தின மாதம் அவள் வயதுப் பெண் ஒருத்தியை அப்படித் திருப்பியதை நானே பார்த்தேன். ஆனால் அக்காவை எப்படி இழுப்பது?

மற்றவர்களை இறங்கச் சொல்லிவிட்டு என் பின்னால் வந்தாள்.

உச்சியைத் தொட்டேன். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவிதா படம் எடுத்தாள். சுற்றிலும் ஒரே வெள்ளை. கோலாலம்பூர் தெரியும், கெந்திங் மலை தெரியும் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். எனக்கு என் சப்பாத்துதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. பொய் சொல்லமாட்டேன். சிறு பிள்ளை மாதிரிச் சிரித்தேன். பிறகு கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க அக்கா?”

இனி மறைத்து என்ன? விரதம் என்றேன். பாலும் பழமும் என்றேன். கவிதாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பையைத் திறந்து தன் சாப்பாட்டை எடுத்தாள். சார்டின் வைத்த ரொட்டி. கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துவிட்டேன், விரதம் மட்டும் கெடக் கூடாது... என்ன பக்தி பாருங்கள்! குளுக்கோஸ் மிட்டாய்களைத் தேடிப் பிடித்து என் வாயில் போட்டாள். அவளும் அந்த ரொட்டியைச் சாப்பிடவில்லை.

மழை வந்தது. வேர்கள் எல்லாம் சோப்புப் போட்டது போலாகிவிட்டன. அட்டை முகாமுக்குக் கீழே ஒரு வேரில் இடது கால் வழுக்கியது. வலது கால் இரண்டு வேர்களுக்கு நடுவே மாட்டி நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். எனக்கு மட்டுமல்ல, கவிதாவுக்கும் கேட்டதாகப் பின்னால் சொன்னாள்.

அதற்கப்புறம் இறங்கியதை நடந்தது என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தே பாதி, அவள் தோளில் தொங்கியபடி மீதி. அந்தச் சின்ன உடம்பு என்னைத் தாங்கிய விதம் இருக்கிறதே... வழியில் ஒருமுறைகூட ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அவள் சொல்லவில்லை. செம்மண் சாலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, மரங்களுக்கு நடுவில் இருட்டத் தொடங்கிவிட்டது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு... கொஞ்ச தூரத்தில் ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு டார்ச் வெளிச்சம்.

மணியம்.

தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் தலைகீழாக நின்றும் மாமாக் கடையைத் தாண்டாத மனிதர், அந்த ஏற்றத்தில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். கையில் டார்ச், தோளில் என் ஸ்வெட்டர். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

போன் லைன் கிடைக்காத இடம் அது. எங்கள் குழுப் பெண்கள் இறங்கி வந்து, அக்காவும் கவிதாவும் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும் இவர் போய், பச்சைத் தொப்பி போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். பார்த்தவர்கள், பார்க்காதவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள். சிகிட் லாகி, அங்கிள். அதை நம்பிக் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறார். பிறகு இறங்குகிறவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். அதன்பின்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்திருக்கிறார்.

“மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டேன்.

அவர் ஸ்வெட்டரை என் தோளில் போட்டார். பிறகு சொன்னார்.

“எனக்கு ஒண்ணுன்னா நீ வேண்டிக்குவ. உனக்கு ஒண்ணுன்னா எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கிறதுன்னே எனக்குத் தெரியல லா.”

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. நான் அழுதேன். கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. பங்சாரில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் முதலில் கேட்ட கேள்வி, தைப்பூசத்துக்குப் படி ஏறலாமா என்பதுதான். அவள் சீனப் பெண். ஆனாலும் எந்தப் படி என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முடியாது என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அடுத்த வருஷம் எடுத்தால் போதும், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று கோயில் ஐயர் சொன்னார். கோபித்துக்கொள்ளமாட்டார்தான். ஆனால் ‘தொடர்ந்து’ என்று சொன்னது நான் அல்லவா? அந்த வராந்தாவில் நான் கேட்டது தள்ளிப் போடக்கூடிய விஷயமாகவா இருந்தது? யாரும் கேட்காத ஒரு மலையை ஏறி, நானாகக் கேட்டுக்கொண்ட படிகளை இழந்துவிட்டேன். ராத்திரி படுத்தால் இதுவேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் மணியம் எங்கள் ஃபிளாட்டுக்கு லிஃப்டில் வராமல் மாடிப்படியில் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. லிஃப்ட் கெட்டுவிட்டதா என்றேன். இல்லை என்றார். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரம் மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் ஆட்டுக்கறிக் குழம்பை வேண்டாம் என்றாராம், கடைக்கார பாய் என்னிடம் போன் போட்டு விசாரித்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது, மூன்றாவது பால்குடத்தை அவர் எடுக்கப் போகிறாராம். இதய டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். மெதுவாக, நின்று நின்று ஏறினால் பரவாயில்லை என்றாராம்.

நான் வேண்டாம் என்றேன். சண்டை போட்டேன். உங்களுக்காக வேண்டிக்கொண்டதை நீங்களே எடுப்பதா, இது என்ன முறை என்றேன்.

“எனக்காகத்தானே வேண்டிக்கிட்ட” என்றார். “அப்ப நான் எடுக்கிறதுல என்ன?”

மறுநாள் பால்குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் பால்குடத்தோடு நின்ற மணியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கோயிலுக்கு வெளியே நிற்கிற மனிதர்! செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, “பார்த்துக்க” என்றார். கூட்டத்தில் கலந்தார். கொஞ்ச தூரம் அவருடைய வழுக்கைக்கு மேல் குடம் தெரிந்தது. பிறகு எல்லாக் குடங்களும் ஒன்று போல ஆகிவிட்டன.

நான் இரண்டு வருஷம் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். ஏறும்போது ஒன்றும் தெரியாது. வேல் வேல் என்ற சத்தம், முன்னால் போகிறவரின் முதுகு, அடுத்த படி, அவ்வளவுதான். கீழே உட்கார்ந்திருந்தால்தான் எல்லாம் தெரிகிறது. இந்நேரம் எந்தத் திருப்பத்தில் இருப்பார்... நின்று நின்று போகிறாரா, கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறதா... கை நெஞ்சில் இருக்கிறதா... மேலே ஒரு ஆம்புலன்ஸ்காரர் யாருக்கோ வழி கேட்டுச் சத்தம் போட்டார்.

இதையா இந்த மனிதர் இரண்டு தைப்பூசம் பார்த்தார்? இதையா பங்சுன் அடிவாரத்தில் ஒரு முழு நாள், மடக்கு நாற்காலியில்? நான் உச்சியில் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அறுத்துத் தைத்த அந்த நெஞ்சு கீழே என்ன பாடுபட்டிருக்கும்? ஒரு தடவைகூட நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. எல்லையைத் தாண்டுகிறேன் என்று கிளம்பினேன். என் எல்லை எங்கே முடிகிறது, இவருடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கவே இல்லை. கவிதாவுடையதையும் பார்க்கவில்லை. அவள் இப்போது குழுவை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாள். நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது, “உங்களை நான் தடுத்திருக்கணும் அக்கா. அம்மா மாதிரின்னு விட்டுட்டேன்” என்றாள். தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். மறுபடி மலைக்கு எப்போது என்றால், கொஞ்ச நாள் ஆகட்டும் என்கிறாள்.

உட்கார முடியவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இறங்கி வருகிறவர்கள் பக்கத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மஞ்சள் வேட்டி, வழுக்கை, கொஞ்சம் தொப்பை... பார்த்தீங்களா? அன்றைக்குப் பத்துமலையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனாலும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. “வந்துக்கிட்டே இருக்காரு ஆன்டி, இன்னும் கொஞ்சம்தான்” என்றார்கள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்பதற்காகவே அடுத்தவரிடமும் கேட்டேன்.

கடைசியில் வந்தார். நெற்றியெல்லாம் திருநீறு, முகமெல்லாம் வேர்வை, காலி குடம் கையில். ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்தபடி, நின்று நின்று. என்னைக் கம்பியோரத்தில் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அன்றைய தினம் ஞாபகம் வந்தது. டாக்டர் கதவைத் திறந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்ன அந்த நிமிஷம். இதற்காகத்தானே வேண்டிக்கொண்டேன், இந்த மனிதர் தன் காலால் நடந்து என்னிடம் வர வேண்டும் என்று? வந்துவிட்டார். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் ஏன் வர வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். அவரைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் எங்கே... குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

“செருப்பு எங்க?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு நாற்காலியில் வேறு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பை இல்லை. பந்தலில் கேட்டோம், நாற்காலிக்கு அடியில் பார்த்தோம், ஒரு தம்பி குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறிப் பார்த்தான். காணோம்.

“பரவால்ல லா” என்றார் மணியம். வெறுங்காலோடு ரயிலில் ஏறினார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, கிள்ளான் ரயிலுக்கு மாறினோம். அன்றைக்குப் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் இருந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். செம்மண் சாலையில் என்னைத் தேடி ஏறி வந்த பாதங்கள்.

நுவாங் படம் கேட்டவர்களுக்கு: அதை அழித்துவிட்டேன். இனி யாராவது என்னை மேடையில் அறிமுகப்படுத்தினால், மலை ஏறியவர் என்று சொல்லாதீர்கள்...

என் செருப்பை இரண்டு தைப்பூசம் பத்திரமாகக் காத்த மனிதரின் செருப்பை, ஒரு காலைப் பொழுதுகூடக் காக்கத் தெரியாதவர் என்று சொல்லுங்கள்.